தர்மபுரியில் 3,000 இருக்கை இசை நிகழ்ச்சி: ப்ளாக் டிக்கெட்டைத் தடுக்க என்ன வழி?

கலைக்குழு_தர்மபுரி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நூலகக் கட்டட நிதிக்காக எங்கள் குழு தர்மபுரியில் ஒரு பள்ளி மைதானத்தில் மெல்லிசை நிகழ்ச்சி நடத்துகிறது. சினிமாப் பின்னணிப் பாடகர்கள் இருவர் வருகிறார்கள். மொத்தம் 3,000 நாற்காலி. முன்வரிசை 400 இருக்கை 1,000 ரூபாய், நடுவில் 1,100 இருக்கை 500 ரூபாய், பின்னால் 1,500 இருக்கை 200 ரூபாய். மைதானத்துக்கு மூன்று கேட். சாயங்காலம் 5 மணிக்குத் திறந்து 6.30க்குத் தொடங்குகிறோம். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்பதால் 9.45க்கு முடித்தாக வேண்டும்.

விற்பனையே இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் "முன்வரிசை வேணும்னா 2,500 கொடுங்க, எடுத்துத் தர்றேன்" என்று வாட்ஸ்அப் குழுக்களில் செய்தி சுற்றுகிறது. பென்னாகரம், அரூர், பாலக்கோடு பக்கமிருந்து குழந்தைகுட்டியோடு பஸ் ஏறி வருகிறவர்கள் 200 ரூபாய் டிக்கெட்டை 600 கொடுத்து வாங்கும்படி ஆகிவிடக் கூடாது. இவர்களில் பலர் கவுண்டரில் ரொக்கம் கொடுத்து வாங்குகிறவர்கள். ஓசூர், பெங்களூரிலிருந்து வருபவர்களுக்கு ஆன்லைனும் வைத்தாக வேண்டும்.

அச்சு டிக்கெட்டா, கியூஆரா? ஒருவருக்கு எத்தனை வரை தரலாம்? கேட்டில் ஆதார் பார்க்கலாமா? ப்ளாக்கில் விற்பவர் மேல் போலீஸில் புகார் கொடுக்க முடியுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ரசீது_புத்தகம் எழுதியது:

கியூஆர், சாஃப்ட்வேர் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்ங்க. முதல்ல உங்க கையிலிருந்தே ஒழுகுறதை அடைங்க. பெரிய ஊர்ல ஆன்லைன் விற்பனை திறந்த நிமிஷமே பாட் (தானாவே டிக்கெட் வாங்குற சாஃப்ட்வேர்) வச்சு அள்ளிடுறாங்க. நம்ம பக்கத்து நிகழ்ச்சியில வெளியே விக்கிற டிக்கெட் பெரும்பாலும் மூணு வழியா வரும். ஸ்பான்சருக்குக் கொடுத்த ஓசி பாஸ் ஒண்ணு. கடைக்குக் கட்டாக் கொடுத்த டிக்கெட் ஒண்ணு. கேட்ல கிழிக்காம உள்ள விட்டு, காம்பவுண்டுக்கு மேல திரும்ப வெளிய போற டிக்கெட் இன்னொண்ணு.

ஓசி பாஸ் மொத்தத்துல 8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்க கணக்குக்கு 240. அதையும் காகிதமாக் கொடுக்காதீங்க. "உங்களுக்கு 20 இருக்கை. பேர்ப் பட்டியலை மூணு நாள் முன்னாடி அனுப்புங்க. பேர் வராத இருக்கை அன்னைக்குச் சாயங்காலமே பொது விற்பனைக்குப் போயிடும்"னு ஸ்பான்சருக்குக் கடிதமாவே கொடுத்துடுங்க. நிகழ்ச்சி அன்னைக்கு மூணாவது கேட்ல பட்டியலைப் பார்த்து, கையில பட்டை கட்டி உள்ள அனுப்பினாப் போதும். காகித பாஸ் கொடுத்தீங்கன்னா, முதலாளிகிட்டேருந்து மேனேஜருக்கு நாலு போகும், மேனேஜர்கிட்டேருந்து மச்சானுக்கு ரெண்டு போகும், அடுத்த கையில அது 1,500 ரூபாய். பாஸ்ல பேரே இல்லாதப்ப யாரைப் போய்க் கேக்கிறது? பாடகர், இசைக்குழு, மைக் செட், லைட் ஆளுங்களோட விருந்தினர் எல்லாரும் இந்த 240க்குள்ளதான். எத்தனை பேர்னு ஒப்பந்தத்துலயே எண் போட்டு எழுதிடுங்க.

அடுத்தது கடைங்க. 50 தாள் உள்ள புத்தகமா அச்சடிங்க. டிக்கெட், அடிக்கட்டை ரெண்டுலயும் ஒரே வரிசை எண், நடுவுல துளைக்கோடு. அடிக்கட்டையில வாங்குறவர் பேரும் செல் நம்பரும் எழுதின பிறகுதான் டிக்கெட்டைக் கிழிச்சுத் தரணும். ஒரு புத்தகத்தோட அடிக்கட்டையும் பணமும் முழுசா வந்தாத்தான் அடுத்த புத்தகம். எந்தக் கடைக்கு எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரைன்னு ஸ்டாக் ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்து வாங்குங்க. வெளியே 600க்கு வித்த டிக்கெட் ஒண்ணு கையில சிக்கினா, எண்ணை வச்சே எந்தக் கடை, யார் பேர்ல போச்சுன்னு அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சுடும். டிக்கெட்டுக்கு இவ்வளவு கமிஷன்னு மட்டும் பேசாதீங்க. கமிஷன் வேணும்னு கடைக்காரர் மொத்தப் புத்தகத்தையும் ஒரே ஆள்கிட்டத் தள்ளிடுவாரு. நாளுக்கு இவ்வளவுன்னு கூலி பேசிட்டா அவருக்கு அந்த அவசரம் இருக்காது. விக்காத தாள் 48 மணி நேரம் முன்னாடி திரும்பி வந்தாகணும். வராத எண் எல்லாம் ரத்துன்னு அறிவிச்சு, பட்டியலை மூணு கேட்லயும் வைங்க. அச்சகத்துல கெட்டுப்போன தாளையும் எண்ணி வாங்கிக் கிழிச்சுப் போடுங்க. அங்கேருந்தும் வெளிய போகும்.

பாஸ் போக மீதி 2,760. ஒரே நாள்ல எல்லாத்தையும் திறந்துவிடாதீங்க. முதல் ஞாயிறு 1,400, அடுத்த ஞாயிறு 900, கடைசி ரெண்டு நாளுக்கு 460. இதை விற்பனை தொடங்குறதுக்கு முன்னாலயே நோட்டீஸ்ல போட்டுடணும். தினமும் கவுண்டர் வாசல்ல கரும்பலகையில "இன்று மீதி இத்தனை, அடுத்த விற்பனை இந்த நாள்"னு எழுதி வைங்க. ப்ளாக்ல விக்கிறவங்க முதல்ல சொல்றதே "எல்லாம் தீந்துபோச்சு"ன்னுதான். கடைசி நாள்ல அதே விலைக்கு 460 டிக்கெட் வருதுன்னு சனங்களுக்குத் தெரிஞ்சா, 600 கொடுக்க ஆள் இருக்காது. வாங்கி வச்சவங்க கையிலயே அது தங்கிடும்.

ஓசூர்லயும் ஒரு கவுண்டர் வச்சீங்கன்னா, அங்க பலகையை தெலுங்கு, கன்னடத்திலயும் எழுதுங்க.

காவேரிப்பட்டணம்_டெக் எழுதியது:

அச்சா, கியூஆரா என்று பிரிக்க வேண்டியதில்லை. அச்சு டிக்கெட்டிலும் கியூஆர் இருக்கட்டும். கவுண்டர், ஆன்லைன் இரண்டுக்கும் பட்டியல் ஒன்றே. கவனிக்க வேண்டியது கியூஆருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பது. டிக்கெட் எண்ணையே, 0001, 0002 என்று, கியூஆராக மாற்றி அச்சடிப்பவர்கள் நிறைய. ஒரு டிக்கெட்டைப் பார்த்தவர் அடுத்த நூறு டிக்கெட்டையும் செல்போனிலேயே தயாரித்துவிடலாம். எண்ணும் எழுத்தும் கலந்து, வரிசை இல்லாத 12 எழுத்துச் சரம் ஒன்றை ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் உருவாக்கி, எந்தச் சரம் எந்த இருக்கைக்கு என்பதை உங்கள் பட்டியலில் மட்டும் வையுங்கள். கியூஆருக்குக் கீழே அதே சரத்தைக் கண்ணால் படிக்கும்படியும் அச்சிடுங்கள். திரை உடைந்த போன், கசங்கிய தாள் வந்தால் தட்டச்சு செய்து பார்க்கலாம். பூஜ்யமும் ஓ எழுத்தும், ஒன்றும் ஐ எழுத்தும் குழப்பும். அந்த நான்கையும் சரத்தில் சேர்க்காதீர்கள்.

ஆன்லைனில் வாங்கியவருக்குப் பணம் கட்டியவுடன் கியூஆர் அனுப்ப வேண்டாம். பெயர், இருக்கை எண் உள்ள உறுதிச் செய்தி மட்டும் போகட்டும். கியூஆர் முந்தைய நாள் சாயங்காலம் 6 மணிக்குப் போனால் போதும். இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட்டால் அந்தப் படத்தைப் பத்துப் பேருக்கு விற்க அவகாசம் கிடைக்கும். கேட்டில் முதலில் வருபவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேர் காசையும் இழந்து வாசலில் நிற்பார்கள். சில விநாடிக்கு ஒருமுறை மாறுகிற கியூஆர் பெரிய நிகழ்ச்சிகளில் வந்துவிட்டது. ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் பயன்படாது. ஆனால் அதற்குத் தனி ஆப், ஸ்மார்ட்போன், சார்ஜ் மூன்றும் பார்வையாளரிடம் இருக்க வேண்டும். உங்கள் கூட்டத்துக்கு அது வேண்டாம் என்பதே என் கருத்து. டிக்கெட்டில் வாங்கியவரின் பெயரை மட்டும் அச்சிட்டு, ஸ்கேன் செய்தவுடன் "செல் நம்பரில் கடைசி நான்கு எண் என்ன?" என்று கேளுங்கள். எண் டிக்கெட்டில் இருக்கக் கூடாது, ஸ்கேனர் திரையில் மட்டும் தெரிய வேண்டும். கைமாறிய டிக்கெட்டில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே திக்கும்.

எண்ணிக்கை: 200 ரூபாய் வகுப்பில் ஒருவருக்கு 6, நடுவில் 4, முன்வரிசையில் 2. கூட்டுக் குடும்பத்துக்கு 4 போதாது, முன்வரிசையில் 4 என்பது அதிகம். செல் நம்பரை மட்டும் வைத்து எண்ணினால் சிம் மாற்றி மாற்றி வாங்குவார்கள். பணம் எந்த யுபிஐ முகவரியிலிருந்து வந்தது என்று, ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனத்தின் அறிக்கையில் இருக்கும். தினமும் இரவு அந்த வரிசையை அகர வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரே முகவரி ஐந்து முறை வந்திருந்தால் அளவுக்கு மேல் உள்ளதை ரத்து செய்து பணத்தைத் திருப்புங்கள். இப்படி ரத்து செய்வோம் என்பது வாங்கும் முன்பே காட்டும் நிபந்தனையில் இருக்க வேண்டும், பிறகு சேர்த்தால் சண்டை வரும்.

கவுண்டரில் யுபிஐ வாங்கினால் வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்கவே வேண்டாம். அது போலியாக இருக்கலாம். உங்கள் பக்கத்து ஆப்பிலோ ஒலிப்பெட்டியிலோ பணம் வந்தது உறுதியான பிறகு, அந்தப் பணப் பரிமாற்றத்துக்கான 12 இலக்க யுடிஆர் எண்ணை அடிக்கட்டையில் எழுதிக்கொண்டு டிக்கெட்டைக் கொடுங்கள்.

வாய்தா_வேண்டாம் எழுதியது:

சட்டம் பற்றிக் கேட்டதற்கு மட்டும் பதில். இசை நிகழ்ச்சி டிக்கெட்டைக் கூடுதல் விலைக்கு விற்பதைக் குற்றமாக்கும் தனி மத்தியச் சட்டம் இந்தியாவில் இல்லை. 2024 செப்டம்பரில் கோல்ட்பிளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் மும்பை நிகழ்ச்சிக்கு டிக்கெட் விற்றபோது எழுந்த பிரச்சினை பம்பாய் உயர் நீதிமன்றம் வரை பொதுநல மனுவாகப் போனது. சட்டம் இயற்றுவது சட்டமன்றத்தின் வேலை என்று 2025 ஜனவரியில் அந்த மனு தள்ளுபடியானது. ஜப்பானில் 2019 ஜூன் முதல் தனிச் சட்டமே இருக்கிறது: மறுவிற்பனைக்குத் தடை என்று டிக்கெட்டிலேயே அச்சிட்டு, வாங்குபவரின் பெயரையும் தொடர்பு விவரத்தையும் நடத்துபவர் உறுதிப்படுத்தி விற்றிருந்தால்தான் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். இங்கே சட்டம் இல்லாவிட்டாலும் அந்த ஒழுங்கை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உங்களைக் காப்பது டிக்கெட்டின் பின்பக்கத்தில் உள்ள நிபந்தனைதான். இப்படிப் போடலாம்:

"இந்த டிக்கெட் மேலே பெயருள்ளவருக்கும் அவருடன் வருபவர்களுக்கும் மட்டும். அச்சிட்ட விலைக்கு மேல் விற்றாலோ வாங்கினாலோ செல்லாது. அப்படி விற்ற டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தரப்படாது. வர இயலாதவர்கள் நிகழ்ச்சிக்கு 24 மணி நேரம் முன்புவரை கவுண்டரில் திருப்பிக் கொடுக்கலாம். நிகழ்ச்சி ரத்தானால் பணம் முதலில் செலுத்தியவருக்கே திரும்பும்."

கடைசி வரி முக்கியம். ப்ளாக்கில் வாங்க நினைப்பவரைத் தயங்க வைப்பது அதுதான்.

விலையை எல்லாம் சேர்த்து ஒரே தொகையாக அச்சிடுங்கள். இசை நிகழ்ச்சிக்கு ஒருவருக்கு 500 ரூபாய் வரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு, அதற்கு மேல் 18 சதவீதம். உங்கள் குழு ஜிஎஸ்டி பதிவுக்குள் வருகிறதா என்பதை ஸ்பான்சர் பணத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்த்து ஆடிட்டரிடம் முடிவு செய்யுங்கள். வருகிறது என்றால் முன்வரிசை டிக்கெட்டில் "1,000 + வரி" என்று போடாமல் 1,180 என்றே போடுங்கள். "வரி, சர்வீஸ் சார்ஜ் எல்லாம் சேர்த்து 1,500" என்று கதை விட இடமிருக்காது.

போலி டிக்கெட், ஒரே கியூஆரைப் பலருக்கு விற்பது ஆகியவை வேறு விஷயம். அவை நேரடியாகக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318, போலி ஆவணம் தயாரிப்பதற்கு 336, அதைப் பயன்படுத்துவதற்கு 340. புகாரோடு போலி டிக்கெட், அதே எண்ணுள்ள அசல் அடிக்கட்டை, பேச்சுவார்த்தையின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன யுபிஐ முகவரி, யுடிஆர் எண் ஆகியவற்றைக் கொடுங்கள். ஆன்லைனில் பணம் இழந்தவரை உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கச் சொல்லுங்கள். தாமதமானால் பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறிவிடும். வாலண்டியர்கள் யாரையும் பிடித்து வைக்கவோ செல்போனைப் பிடுங்கவோ கூடாது. அது உங்கள் மேல் வழக்காகத் திரும்பும்.

கலைக்குழு_தர்மபுரி எழுதியது:

ரொம்ப நன்றிங்க. அடிக்கட்டை முறையும் மூன்று கட்ட விற்பனையும் குழுவில் முடிவாகிவிட்டது. ஆதார் பற்றி மட்டும் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. எல்லோருக்கும் அடையாள அட்டை பார்த்தால் ப்ளாக் அடியோடு நின்றுவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். சரியா? முன்வரிசைக்கு இவ்வளவு போட்டி இருக்கும்போது கவுண்டர் வரிசை தாங்குமா என்றும் பயமாக இருக்கிறது.

கேட்_நம்பர்_2 எழுதியது:

எல்லோருக்கும் பார்க்க முடியாதுங்க, கணக்குப் போட்டுப் பாருங்க. 5 மணிக்குத் திறந்தாலும் பாதிப் பேர் 6 மணிக்கு மேல்தான் வருவார்கள். அதாவது 1,500 பேர், 30 நிமிடம். ஸ்கேன் செய்து நான்கு எண் கேட்க ஒருவருக்கு 8 விநாடி என்றால் 12,000 விநாடி. இருப்பது 1,800 விநாடி. 7 வரிசை வேண்டும். அடையாள அட்டையும் பார்த்தால் 20 விநாடி ஆகும்: 30,000 விநாடி, 17 வரிசை. பள்ளி மைதானத்தின் மூன்று கேட்டில் 17 வரிசைக்கு இடம் ஏது? பாட்டு தொடங்கிய சத்தம் கேட்டதும் வெளியே நிற்கிற கூட்டம் தள்ளும். கேட் பொறுப்பாளர் பயந்து கதவைத் திறந்துவிடுவார். அந்த நிமிடத்தில் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செய்த எல்லாம் வீண், டிக்கெட்டே இல்லாதவர்களும் உள்ளே வந்துவிடுவார்கள்.

அதனால் முன்வரிசை 400 பேருக்கு மட்டும் அட்டை. அதற்கு மூன்றாவது கேட்டில் இரண்டு வரிசை ஒதுக்கினால், வரிசைக்கு 200 பேர், 20 விநாடி, 67 நிமிடத்தில் முடிந்துவிடும். ஓசி பாஸ் பட்டியலும் அங்கேயே இருப்பதால் இன்னொரு மேசை சேர்த்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டு கேட்டிலும் ஸ்கேனும் நான்கு எண்ணும் போதும். அட்டையின் நகல் வாங்காதீர்கள், போட்டோவும் எடுக்காதீர்கள். ஆதார்தான் வேண்டும் என்றும் இல்லை. ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை எதுவானாலும் பெயரைப் பார்த்துவிட்டுக் கையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நகல் வாங்கி வைத்தால் அதைப் பாதுகாக்கிற பொறுப்பும் உங்கள் தலையில் விழும்.

உள்ளே போனவரின் டிக்கெட் வெளியே வராமல் இருக்க கைப்பட்டை கட்டுங்கள். கிழியாத காகிதம் மாதிரி இருக்கும் ஒட்டுப்பட்டை கிடைக்கிறது. ஒட்டுகிற இடத்தில் சிறு வெட்டுகள் இருப்பதால் கழற்றினால் பிய்ந்துவிடும். மூன்று வகுப்புக்கும் மூன்று நிறம். என்ன நிறம் என்பது நிகழ்ச்சி நாள் மதியம் வரை இரண்டு பேருக்கு மேல் தெரியக் கூடாது. கட்டும்போது ஒரு விரல் நுழைகிற அளவு இடம் விட்டு ஒட்டுங்கள். தளர்வாகக் கட்டினால் கையை நெருக்கி உருவி, வெளியே இருப்பவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பட்டையைப் பார்வையாளர் கையில் கொடுத்து "நீங்களே கட்டிக்கங்க" என்று மட்டும் அனுப்பிவிடாதீர்கள்.

ஸ்கேன் சிவப்பு காட்டினால் அங்கேயே நின்று வாதாட வேண்டாம். வரிசைக்குப் பத்தடி தள்ளி ஒரு உதவி மேசை போட்டு, பொறுமையாகப் பேசத் தெரிந்தவர்களாக இருவரை உட்கார வையுங்கள். வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாந்து வாங்கியவர்கள். குழந்தையோடு நிற்பவரைத் திருடனைப் போல நடத்தக் கூடாது. திரும்பி வந்த டிக்கெட்டில் கொஞ்சம், ஒரு 40, இந்த மேசையில் இருக்கட்டும். அச்சிட்ட விலைக்கு அவர்களுக்குக் கொடுத்து, யாரிடம் வாங்கினார் என்ற விவரத்தை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

குலுக்கல்_பானை எழுதியது:

முன்வரிசைக்கு கவுண்டர் வரிசையே வேண்டாம். காலை 4 மணிக்குக் கூலிக்கு ஆள் நிறுத்துகிறவர்களுக்குத்தான் அந்த வரிசை சாதகம். குலுக்கல் வைத்தால் முதலில் வந்து நிற்பதற்குப் பயனே இல்லை. 400இல் பாஸுக்கு 100 போனால் மீதி 300. 150 பேருக்குத் தலா இரண்டு. ஏழு நாள் விண்ணப்பம் வாங்குங்கள், பணம் வாங்க வேண்டாம். ஒரு செல் நம்பருக்கு ஒரு விண்ணப்பம், அதில் அடையாள அட்டையின் கடைசி நான்கு எண்ணும் பெயரும். இரண்டும் திரும்ப வந்தால் கழித்துவிடுங்கள். எட்டாம் நாள் பொதுமக்கள் முன்னிலையில், குடவோலை மாதிரி, பானையிலிருந்து ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லுங்கள். 150 பேரோடு காத்திருப்போராக 50 பேரையும் வரிசையாக எடுத்து, பட்டியலைக் கவுண்டரில் ஒட்டுங்கள். 48 மணி நேரத்தில் பணம் கட்டாதவர் இடம் அடுத்தவருக்கு. இந்த 300ஐ மேலே சொன்ன மூன்று கட்டக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள மறக்காதீர்கள்.

இன்னொன்று, திருப்பிக் கொடுக்கும் வழி. நிபந்தனையில் ஒரு வரி போட்டதோடு விட்டுவிடாதீர்கள். வீட்டில் துக்கம், திடீர் வேலை என்று வர முடியாமல் போகிறவர் எல்லா ஊரிலும் இருப்பார். கவுண்டர் திருப்பி வாங்காவிட்டால் அவர் டிக்கெட் போய்ச் சேருவது ப்ளாக்கில்தான். டிக்கெட்டுக்கு 20 ரூபாய் மட்டும் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள். பழைய தாளைத் துளையிட்டு அடிக்கட்டையோடு பின் அடித்து, அந்தச் சரத்தைப் பட்டியலில் ரத்து செய்து, அதே இருக்கைக்குப் புதுச் சரத்தோடு புது டிக்கெட் எழுதுங்கள். பழைய தாளையே அடுத்தவருக்குக் கொடுத்தால், முதலில் வாங்கியவர் போனில் எடுத்து வைத்த படமும் கேட்டில் வேலை செய்யும். காத்திருப்போர் நோட்டு ஒன்று கவுண்டரில் இருக்கட்டும். வரிசைப்படி போன் செய்து, இரண்டு மணி நேரத்தில் வராவிட்டால் அடுத்தவரை அழையுங்கள். அண்ணன் வாங்கி தம்பி வருகிறார் என்பது போன்ற பெயர் மாற்றத்துக்கு முந்தைய நாள் மதியம் வரை, ஒருமுறை, கட்டணமில்லாமல் அனுமதியுங்கள்.

ரசீது_புத்தகம் எழுதியது:

குலுக்கல் நல்ல யோசனைங்க. ஆனா 200 ரூபாய் வகுப்புக்கு அதைக் கொண்டு வராதீங்க. அரூர்லேருந்து பஸ் ஏறி வந்தவர் காசு கொடுத்தா டிக்கெட்டோட திரும்பணும், "ஒரு வாரம் கழிச்சு வாங்க"ன்னா இன்னொரு பஸ் செலவு. அந்த வகுப்புல முக்கால்வாசியைக் கவுண்டருக்கே விடுங்க, ஆன்லைனுக்குக் கால் பங்கு போதும்.

கலைக்குழு_தர்மபுரி எழுதியது:

அப்படியே செய்கிறோம். கடைசியாக ஒன்று: மூன்று கேட்டிலும் ஸ்கேனர் போன்கள் ஒரே பட்டியலைப் பார்க்க வேண்டுமே, 3,000 பேர் கூடும்போது நெட் கிடைக்காவிட்டால்?

காவேரிப்பட்டணம்_டெக் எழுதியது:

கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். நெட் இல்லாமல் தனித்தனியாக ஸ்கேன் செய்தால், முதல் கேட்டில் போன கியூஆரின் நகல் இரண்டாவது கேட்டிலும் பச்சை காட்டும். அதனால் டிக்கெட்டிலேயே கேட் எண்ணை அச்சிடுங்கள். 200 ரூபாய் வகுப்பு ஒன்றாம் கேட், 500 இரண்டாம் கேட், முன்வரிசையும் பாஸும் மூன்றாம் கேட். ஒவ்வொரு கேட்டின் பட்டியலும் அந்தக் கேட்டுக்கு மட்டும். கேட்டுக்கு ஒரு லேப்டாப், ஒரு வைஃபை ரவுட்டர். அந்தக் கேட்டின் போன்கள் எல்லாம் அந்த ரவுட்டரில் மட்டும் இணைந்திருந்தால் இன்டர்நெட்டே வேண்டாம். ஒன்றாம் கேட்டில்தான் கூட்டம், ஏழு வரிசையில் நான்கை அங்கே வையுங்கள், இரண்டாம் கேட்டுக்கு மூன்று.

ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இன்வெர்ட்டர் இணைப்பு கொடுங்கள். ஜெனரேட்டர் மாறும் சில விநாடியில் ரவுட்டர் அணைந்தால் திரும்ப எழுந்து நிற்க இரண்டு நிமிடம் ஆகும், வரிசை அங்கேயே உடையும். 6 மணிக்கு மேல் வெளிச்சம் குறையும்; ஸ்கேனர் தலைக்கு மேலே ஒரு விளக்கு இல்லாவிட்டால் அச்சு டிக்கெட்டை கேமரா பிடிக்காது. மதியம் 3 மணிக்கு ஒவ்வொரு கேட்டிலும் பத்து அசல், ஏற்கெனவே ஸ்கேன் ஆன இரண்டு, ரத்தான இரண்டு, அடுத்த கேட்டுக்குரிய இரண்டு என்று கலந்து கொடுத்துச் சோதியுங்கள். பத்துக்கு மட்டும் பச்சை வந்தால் 5 மணிக்குக் கேட்டைத் திறக்கலாம்.